பெங்களூர் வீட்டில் நீர் ஆமை: தேர்ந்தெடுப்பது முதல் வளர்ப்பது வரை

அலங்கார மீன் கடைகளில் பச்சைப் பசேலென்று, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டோடு, உள்ளங்கையில் கால்வாசிகூட நிரம்பாத குட்டி ஆமைகள் நீந்திக்கொண்டிருக்கும். ரெட் இயர்டு ஸ்லைடர் என்பது அதன் பெயர். "இவ்வளவுதான் சார் வளரும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஆண் ஆமையின் ஓடு 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு வரும், பெண் 25 முதல் 30 வரை போகும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 30 வருடம் இருக்கும், அதற்கு மேலும் இருப்பதுண்டு. பெங்களூரில் நம்மில் பாதிப் பேர் 11 மாத வாடகை ஒப்பந்தத்தில் குடியிருக்கிறோம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

வீட்டில் இன்னொரு பேச்சும் கிளம்பும். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஊரிலிருந்து அம்மா ஃபோனில் சொல்வார். வடக்கு மூலையில் ஆமை வைத்தால் பணம் தங்கும் என்று வாஸ்து தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் ஆமைக்குத் தெரியாது. பணத்துக்காகத்தான் என்றால் பித்தளை ஆமை போதும், அதற்குத் தீனி வேண்டாம், ஹீட்டர் வேண்டாம்.

முதலில் சட்டம்

நம் நாட்டு ஆமை எதையும் வீட்டில் வளர்க்க நினைக்காதீர்கள். பெங்களூர் ஏரிகளிலும் சுற்றுப்பட்டுக் குளங்களிலும் உள்ள மடல் ஆமை (அடிப்பக்கத்துத் தோல் மடலால் பின்னங்கால்களை மூடிக்கொள்ளும்), கருப்பு நிறக் குளத்து ஆமை, காட்டோரத்தில் திரியும் நட்சத்திர ஆமை எல்லாமே சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மடல் ஆமையும் நட்சத்திர ஆமையும் அதன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்த அட்டவணை விலங்குகள் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 வருடம் சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. மழைக்காலத்தில் சாலையைக் கடக்கும் ஆமையைப் பாவம் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். அடிபடாமல் இருந்தால் அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே சாலையோரத்தில் விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்கோ வனவிலங்கு மீட்பு மையத்துக்கோ சொல்லுங்கள்.

ஸ்லைடர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. இந்திய இனம் அல்லாததால் மேலே சொன்ன தடைக்குள் அது வராது. ஆனால் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர உரிமமும் கால்நடை நலச் சான்றும் வேண்டும். சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிக்குள் இந்தக் குட்டிகள் பிடிபட்ட செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். பெட்டியில் திணித்துக் கொண்டுவரும்போது எத்தனை குட்டி சாகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். வேறு வெளிநாட்டு ஆமைகளை யாராவது "அபூர்வ ரகம்" என்று காட்டினால் கூடுதல் கவனம் வேண்டும். அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களுக்கான சர்வதேச வர்த்தக ஒப்பந்தப் (CITES) பட்டியலில் உள்ள இனங்களை மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். காகிதம் இல்லாமல் விற்றால் வாங்கவே வேண்டாம்.

குட்டியா, வளர்ந்ததா?

இங்கேதான் நான் கொஞ்சம் பிடிவாதமாகப் பேசப்போகிறேன். கடையில் குட்டி வாங்காதீர்கள், வளர்ந்த ஆமை ஒன்றைத் தத்து எடுங்கள்.

வேலை மாறி புனேக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள், குழந்தை பிறந்தவர்கள், பிள்ளை கேட்டான் என்று வாங்கிவிட்டு அவன் கல்லூரிக்குப் போனபின் தவிக்கிறவர்கள் என்று இந்த ஊரில் வளர்ந்த ஸ்லைடரைக் கொடுக்க ஆள் தேடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள், விலங்கு நலத் தன்னார்வலர்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் தொட்டியும் ஃபில்டரும் சேர்த்தே கிடைக்கும்.

மனிதாபிமானத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, வளர்ப்பவருக்கும் இதுதான் லாபம். குட்டி மிக மென்மையானது. தண்ணீர் சூடு இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலே சாப்பாட்டை நிறுத்தும். கடைத் தொட்டியில் நெருக்கமாகக் கிடந்து வரும்போதே நோயோடு வரும். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது, ஓடு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் வந்தால்தான் தெரியும். வளர்ந்த ஆமையில் இதெல்லாம் கண்ணெதிரே இருக்கும். முன்னங்கால் நகங்கள் நீளமாக, வால் தடித்து நீண்டிருந்தால் ஆண். நகம் குட்டையாக, வால் சிறுத்து, உடம்பு பெரிதாக இருந்தால் பெண். அடுக்குமாடி வீட்டுக்கு ஆண் ஆமையைத் தேடச் சொல்வேன். சிறிய தொட்டி போதும், முட்டைப் பிரச்சினையும் கிடையாது.

அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்க 1975இல் தடை வந்தது. சின்னக் குட்டிகளைக் குழந்தைகள் வாயில் வைத்து சால்மொனெல்லா என்ற குடல் கிருமியின் தொற்று பரவியதுதான் காரணம். நம் ஊரில் அந்தத் தடை இல்லை, கிருமி மட்டும் அதே கிருமி.

போய்ப் பார்க்கும்போது என்ன பார்ப்பது

அவசரப்படாமல் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கண் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். வீங்கி மூடியிருந்தால் வைட்டமின் ஏ குறைபாடோ தொற்றோ இருக்கலாம். மூக்கில் குமிழி வரக் கூடாது. தண்ணீரில் மட்டமாக நீந்த வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தால் நுரையீரலில் கோளாறு என்று சந்தேகப்படுங்கள். ஓட்டின் விளிம்பை விரலால் மெல்ல அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும், அமுங்கினால் கால்சியமோ வெயிலோ போதவில்லை. ஓட்டில் நாற்றமடிக்கும் குழி இருந்தால் அது அழுகல். மெல்லிய கண்ணாடித் தாள் மாதிரி செதில் உரிவது சாதாரணம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கையில் தூக்கும்போது கால்களை உதறித் திமிற வேண்டும், துவண்டு தொங்கக் கூடாது.

பழைய உரிமையாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன தீனி கொடுத்தீர்கள், வெயில் எப்படிக் காட்டினீர்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டது? முதல் கேள்விக்கு "காய்ந்த இறால் மட்டும்" என்று பதில் வந்தால் ஆமையை மறுக்க வேண்டாம். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஆமை வருவதற்கு முன் தொட்டி

ஆமையைக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் தொட்டி பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பிளாஸ்டிக் தென்னைமரம் வைத்த அந்தச் சின்ன டப்பா ஆமைக்கு வீடே இல்லை.

கணக்கு எளிது: ஓட்டின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் 15 லிட்டர் தண்ணீர். 18 சென்டிமீட்டர் ஆண் ஆமைக்கு 270 லிட்டர். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டியை முட்ட நிரப்பினால்தான் 250 லிட்டர் வரும். முட்ட நிரப்பினால் ஆமை வெளியே ஏறிவிடும். அதனால் கண்ணாடியில் பிடிவாதம் வேண்டாம். 300, 400 லிட்டர் கொள்ளும் கனமான பிளாஸ்டிக் தொட்டி விலையும் குறைவு, உடையவும் உடையாது. பக்கவாட்டில் பார்க்க முடியாது என்பது ஒன்றுதான் குறை. பெண் ஆமை என்றால் இதையும் தாண்டிப் பெரிதாக வேண்டும். தனி வீடும் மொட்டை மாடியும் இருந்தால் சிமென்ட் தொட்டி கட்டிவிடலாம். ஆனால் பருந்து, பூனை, பெருச்சாளி, சில ஏரியாக்களில் குரங்கு எல்லாம் உண்டு, மேலே கம்பி வலை கட்டாயம்.

300 லிட்டர் தண்ணீர் என்றால் 300 கிலோ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் அதை வைக்காதீர்கள். வீட்டுக்குள் பீம் போகும் சுவரை ஒட்டி வையுங்கள். வாடகை வீடு என்றால் ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கீழ்வீட்டுக் கூரையில் கசிந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

தண்ணீரின் ஆழம் ஓட்டின் நீளத்தைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு இருக்கட்டும். அடியில் சின்னக் கூழாங்கல் போடாதீர்கள், விழுங்கிவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். ஒன்றும் போடாமல் விடுவதே உத்தமம், சுத்தம் செய்யவும் சுலபம். தண்ணீருக்கு மேலே, முழு உடம்பும் காயும்படி ஒரு மேடை வேண்டும், ஏறுவதற்குச் சொரசொரப்பான சாய்வுப் பலகையோடு. விளிம்பு அந்த மேடையிலிருந்து ஒரு அடியாவது உயரமாக இருக்கட்டும். ஸ்லைடர் நன்றாக ஏறும்.

ஜோடி வேண்டுமே என்று இரண்டாவது ஆமை தேடாதீர்கள், அதற்குத் துணை தேவையில்லை. இரண்டு ஆண்கள் கடித்துக்கொள்ளும், ஆணும் பெண்ணும் இருந்தால் ஆண் ஓயாமல் துரத்தும். மீன் போட்டால் சாப்பாட்டில் சேரும்.

தண்ணீர்

மீனைவிட ஆமை பல மடங்கு அசுத்தம் செய்யும். அதனால் தொட்டி அளவுக்குச் சொல்லப்பட்ட ஃபில்டரைப்போல இரண்டு மடங்கு திறனுள்ளதை வாங்குங்கள். வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் நல்லது. ஃபில்டரை ஓடவிட்டவுடன் தண்ணீர் தயாராகிவிடாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை இரண்டு நாளுக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு வாரம் ஒருமுறை கால்பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு போதும். ஃபில்டர் பஞ்சை எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயில் அலசினால் குளோரின் அந்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

காவிரித் தண்ணீர் வரும் வீடு என்றால் ஒரு இரவு பக்கெட்டில் திறந்துவைத்துவிட்டு ஊற்றுங்கள், குளோரின் பெரும்பாலும் போய்விடும். ஆமை நுரையீரலால் மூச்சு விடுவதால் மீனைப்போல உடனே சாகாது, ஆனால் கண் எரியும். ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு பக்கம் போர்வெல்லும் டேங்கரும்தான் கதி. அந்தக் கடினத் தண்ணீர் ஸ்லைடருக்கு ஒத்துப்போகும். ஓட்டிலும் ஹீட்டரிலும் வெள்ளையாகப் படியும், அவ்வளவுதான். கோடையில் டேங்கருக்கே வரிசை என்றால் வாரம் 80, 100 லிட்டர் ஊற்றிவிட மனசு வராது. எடுத்த தண்ணீரைக் குரோட்டனுக்கும் செம்பருத்திக்கும் ஊற்றுங்கள், செடிகள் செழிக்கும். கீரைத் தொட்டிக்கு மட்டும் வேண்டாம், சால்மொனெல்லா இருக்கலாம்.

சூடும் வெயிலும்

பெங்களூரில் ஆமை வளர்க்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். சென்னையில் ஹீட்டர் இல்லாமல் ஒப்பேற்றிவிடலாம். இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15, 16 டிகிரிக்கு இறங்கும், தொட்டித் தண்ணீர் 20க்குக் கீழே போகும். ஆமை முழுதாக உறங்கிப்போக அந்தக் குளிர் போதாது, தின்றதைச் செரிக்க அந்தச் சூடும் போதாது. நடுவில் மாட்டிக்கொண்டு சளி பிடித்து நுரையீரல் நோயில் முடியும். வளர்ந்த ஆமைக்குத் தண்ணீர் 24 முதல் 26 டிகிரி, குட்டிக்கு 26 முதல் 28 டிகிரி. லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர் வாங்குங்கள். கண்ணாடி ஹீட்டரை ஆமை இடித்து உடைக்கும், பிளாஸ்டிக் உறை போட்டது பாருங்கள். தண்ணீர் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். வீட்டு மின்பெட்டியில் கசிவுத் தடுப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேடைக்கு மேலே இரண்டு விளக்கு. ஒன்று சூட்டுக்கு, மேடை 30 முதல் 35 டிகிரி வரும்படி. இன்னொன்று யூவிபி எனப்படும் புற ஊதாக் கதிர் தரும் விளக்கு. இந்தக் கதிர் இல்லாமல் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாமல் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் ஓட்டில் சேராது. தினமும் 10 முதல் 12 மணி நேரம் எரியட்டும், டைமர் போட்டுவிட்டால் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வெளிச்சம் குறையாவிட்டாலும் யூவிபி திறன் மங்கிவிடும் என்பதால் 6 முதல் 12 மாதத்துக்குள் விளக்கை மாற்ற வேண்டும்.

"ஜன்னல் பக்கம்தானே வைத்திருக்கிறேன், வெயில் நன்றாக விழுகிறது" என்பார்கள். ஜன்னல் கண்ணாடி யூவிபியை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும். நேரடி வெயிலில் கண்ணாடித் தொட்டியை வைத்தால் ஆமை வெந்துபோகும். உண்மையான வெயில்தான் சிறந்த மருந்து. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில் அது தாராளம். வாரத்தில் மூன்று நான்கு நாள், காலை ஒன்பது பத்து மணிக்கு, அகலமான டப்பில் ஆழமில்லாத தண்ணீர் விட்டு, பாதிக்கு நிழல் போட்டு, அரை மணி நேரம் வெளியே வையுங்கள். பக்கத்திலேயே இருங்கள். ஜூனிலிருந்து அக்டோபர் வரை மேகமூட்டத்தில் இதை நம்ப முடியாது, விளக்குதான்.

சாப்பாடு

குட்டிக்குத் தினமும், புரதம் அதிகமாக. வளர வளரக் காய்கறி பக்கம் திரும்பும். வளர்ந்த ஆமைக்கு நீர் ஆமைக்கென்றே விற்கும் பெல்லட் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, அதன் தலை அளவுக்கு. இலை தழை தினமும் கொடுக்கலாம். செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, லெட்டூஸ், துருவிய கேரட், மஞ்சள் பூசணி எல்லாம் சரி. பாலக் கீரையில் கால்சியத்தை உடம்பில் சேரவிடாத ஆக்சலேட் அதிகம், எப்போதாவது போதும். ஆகாயத்தாமரையை விரும்பித் தின்னும், ஆனால் பெலந்தூர் மாதிரி நுரை பொங்கிய ஏரியிலிருந்து பறித்து வராதீர்கள். பக்கெட்டில் சுத்தமான தண்ணீரில் நீங்களே வளர்க்கலாம்.

கடையில் டப்பாவில் விற்கும் காய்ந்த இறாலைத் தின்பண்டமாக எண்ணிக்கொள்ளுங்கள், அதை மட்டுமே கொடுத்தால் கண் வீங்கும், ஓடு மெலியும். இட்லி, சோறு, பிரெட், பால், உப்புக் கருவாடு எதுவும் கூடாது. தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் இதைத் தொட்டிமேல் எழுதியே ஒட்டலாம். கால்சியத்துக்கு லவ்பேர்ட்ஸ் கடையில் கிடைக்கும் கணவாய் ஓட்டை மிதக்கவிட்டால் அதுவே கடித்துக்கொள்ளும். தீனியைத் தண்ணீரில்தான் போட வேண்டும், தரையில் வைத்தால் அதனால் சரியாக விழுங்க முடியாது. உங்களைப் பார்த்தவுடன் கண்ணாடியில் முட்டிக்கொண்டு வருவது பசி இல்லை, பழக்கம். அதைப் பார்த்து இரங்கினால் ஆமை பருத்து, கால்களை ஓட்டுக்குள் இழுக்க முடியாமல் கஷ்டப்படும்.

பெண் ஆமை இருந்தால்

ஆண் துணை இல்லாமலேயே முட்டை வைக்கும். சாப்பாட்டை விட்டு, தொட்டியில் ஓயாமல் சுற்றி, வெளியே ஏறப் பார்த்தால் அதற்கு இடம் தேடுகிறது என்று அர்த்தம். அகலமான டப்பில் ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணலும் மண்ணும் கலந்து வைத்து, தொந்தரவில்லாமல் விடுங்கள். இடம் கிடைக்காமல் முட்டை உள்ளேயே தங்கினால் உயிருக்கே ஆபத்து.

உடம்பு சரியில்லாவிட்டால்

மாதம் ஒருமுறை சமையல் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள், நோயை முதலில் சொல்வது அதுதான். வாயைத் திறந்து மூச்சு விடுவது, சாய்ந்து மிதப்பது, சூடு சரியாக இருந்தும் ஒரு வாரத்துக்கு மேல் சாப்பிடாதது, ஓட்டில் மெதுமெதுப்பு ஆகிய எதைப் பார்த்தாலும் காத்திருக்க வேண்டாம். நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவர்கள்தான் அதிகம், ஊர்வன பார்க்கிறவர் யார் என்று ஆமை நன்றாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கேட்கலாம். வைட்டமின் ஏ ஊசியை நீங்களாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள், அளவு மீறினால் தோலே உரிந்துவிடும்.

தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது வீட்டில் எல்லோருக்கும் பொருந்தும். சமையலறைத் தொட்டியில் ஆமைச் சாமான் எதையும் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீட்டில் இப்போதைக்கு ஆமையே வேண்டாம் என்பேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது

ஆமையை பஸ்ஸிலும் ரயிலிலும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வளர்ந்த, ஆரோக்கியமான ஸ்லைடர் ஒரு வாரம் தீனி இல்லாமல் தாராளமாக இருக்கும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தண்ணீர் மாற்றி, விளக்கை டைமரில் விட்டுப் போகலாம். ஆனால் பொங்கல் சமயம்தான் இங்கே நல்ல குளிர். கரண்ட் போய் ட்ரிப்பர் விழுந்துவிட்டால் ஹீட்டர் நின்றுபோகும். பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தீனி போடச் சொல்ல வேண்டாம், அன்பில் அள்ளிக் கொட்டிவிடுவார்கள்.

வீடு மாறும்போது ஆமையைத் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோகக் கூடாது. காற்றுத் துளையுள்ள டப்பாவில் ஈரத் துண்டு விரித்து அதில் வையுங்கள். சில மணி நேரம் அப்படி இருந்தால் ஒன்றும் ஆகாது.

இனி முடியாது என்றால்

ஏரியில் விடாதீர்கள், கோயில் குளத்திலும் விடாதீர்கள். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் ஸ்லைடரும் ஒன்று. நம் மடல் ஆமையும் குளத்து ஆமையும் வெயில் காயும் கல்லையும் தின்னும் உணவையும் அது பிடித்துக்கொள்ளும், நோயையும் பரப்பும். ஐரோப்பிய ஒன்றியம் 1997லேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது இந்தக் காரணத்துக்காகத்தான். கெங்கேரி பக்கம் உள்ள பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் வனவிலங்கு மருத்துவமனை மாதிரியான மீட்பு மையங்களிடம் யோசனை கேட்கலாம். அவர்களுடைய இடமும் நேரமும் முதலில் நம் நாட்டு விலங்குகளுக்கு என்பதால் ஆமையை வாங்கிக்கொள்வார்கள் என்று எண்ணிக் கிளம்பிவிடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் முன்பே தேடத் தொடங்கி, தொட்டி, ஃபில்டர், ஹீட்டர், எடை எழுதிய நோட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்பதாகச் சொன்னால் எடுத்துக்கொள்ள ஆள் கிடைப்பது சுலபம். எடுக்க வருகிறவரிடம் தொட்டியை எங்கே வைப்பார் என்று கேளுங்கள். "பால்கனியில்" என்று சொன்னால் பீம் விஷயத்தையும் விளக்கிவிடுங்கள்.